வண்டி வராத தெரு

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க வேண்டுமாம். அதனால் பகலில் எங்கள் தெருவுக்குள் மாட்டுவண்டியும் ஜீப்பும் வரக்கூடாது என்று போடி நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஏலக்காய் வியாபாரியான மெம்பர் சோலைமலை.

மறுநாளே, வண்டி வராத தெருவில் சுவருக்குச் சுவர் பாய் விரித்து ஏலக்காயைக் காயப்போட்டார் அவர். பிள்ளைகள் சாக்கடையை ஒட்டிப் போனார்கள்.

மூன்றாம் நாள் தேவகிருபை டீச்சர் இருநூறு பிள்ளைகளையும் வரிசையாகப் பாய்மேலேயே நடத்திக் கூட்டிப்போனார்.

“டீச்சரம்மா, சரக்கெல்லாம் நொறுங்குது” என்று ஓடிவந்தார் சோலைமலை.

“பிள்ளைக பயமில்லாம நடக்கணும்னு நீங்கதானண்ணே தீர்மானம் போட்டீக. நடக்குதுக.”

அடுத்த கூட்டத்தில், வண்டிகளைத் திரும்பவும் விடச்சொல்லி முதலில் கைதூக்கியவரும் சோலைமலைதான். வண்டிக்கு ஒதுங்கப் பிள்ளைகள் இப்போதே பழக வேண்டுமாம்.