வாயிற்காவல் வேலை

கண்ணிவெடி சிப்பாயின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் நான்கு வருடம். இப்போது செயற்கைக் காலில் எட்டு மணி நேரம் நிற்கிறார். மனைவி கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லச் சொல்ல, அடுப்படி வாசலில் மூன்று மாதம் நின்று பழகியது. இன்று முன்னாள் படைவீரர் சங்கம் அவரைக் கௌரவிக்கும் விழாவுக்கு வரும் ஆலை முதலாளி வாயிற்காவலுக்கு ஆள் தேடுகிறாராம். நாள் முழுக்க நிற்கிற வேலை.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சங்கச் செயலாளர் சிப்பாயை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி நடந்து வர்றீங்க! பேன்ட்டைப் போட்டா ஒண்ணுமே தெரியலையே. காயம்பட்ட வீரர்னா எவன் நம்புவான்?”

“தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு.”

“காலைக் கழட்டிருங்க. சக்கர நாற்காலி வந்திருக்கு. முதலாளி இளகின மனசுக்காரர். பாத்தார்னா அங்கேயே வேலை போட்டுக் குடுத்துருவார்.”

“வேணாங்க,” என்றாள் மனைவி. “நடந்தே போங்க.”

“அண்ணி, மேடை சமாசாரத்தை எங்கிட்ட விடுங்க.”

பதினாறு வருடப் பட்டாளம். விவரம் தெரிந்தவன் சொன்னால் கேட்டே பழகியவர். செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தவரின் மடித்துக் குத்திய கால்சட்டையைக் கண்டதும் அரங்கமே எழுந்து நின்றது. முதலாளி அவர் மடியில் கேடயத்தை வைத்தார். சிப்பாய் அந்தக் கையை விடவில்லை.

“ஐயா, உங்க ஆலை வாசல்ல காவலுக்கு...”

முதலாளி குனிந்தார். கண்ணில் நிஜமாகவே நீர்.

“நாள் பூரா நிக்கணுமே, தம்பி. உங்களைப் போய் நிக்க வெச்சா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா?”

“நிப்பேங்க. கால் உள்ளே இருக்கு. கழட்டி வெச்சுட்டு வந்தேன்.”

முதலாளி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அவர் காதோடு சொன்னது சிப்பாய்க்கும் கேட்டது.

“குண்டு வெடிச்ச அதிர்ச்சிங்க. அப்பப்ப இப்படித்தான் எதையாவது சொல்வார்.”

“அடப் பாவமே.” முதலாளி சிப்பாயின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சிப்பாய் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி, ஒற்றைக் காலில் எழுந்தார். கேடயம் விழுந்து உருண்டது. கூட்டம் முன்னைவிடப் பலமாகத் தட்டியது. இரண்டு தொண்டர்கள் ஓடிவந்து, பிள்ளையை உட்கார வைப்பதுபோல் அவரை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

மனைவி செயற்கைக் காலைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டாள்.

“அண்ணி, அந்தக் கால் போட்டோவுல விழுது,” என்றார் செயலாளர். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”