தள்ளிப்போன செவ்வாய்

தெருக்கோடி வீட்டின் மாடிப் பகுதிக்கு மட்டும் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வரவில்லை. தெருவில் மற்ற எல்லோருக்கும் வந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு வந்தது, எதிரே தையற்கடைக்கு வந்தது, மூலையில் படுத்துக் கிடந்த நாய்க்குக்கூட வந்தது. மாடியில் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் திங்கள் இரவு படுத்து எழுந்தபோது மறுபடி திங்களாகவே விடிந்தது. நாள்காட்டியில் திங்கள் தாள் கிழிபடவில்லை. மெக்கானிக் இடுக்கி வைத்து இழுத்துப் பார்த்தான்; ஆணிதான் கையோடு வந்தது. ஆணியை மறுபடி அடித்து மாட்டினான். கூடத்துக் கொடியில் போட்ட துண்டு காயவில்லை. மகள் கடித்து வைத்துவிட்டுப் போன பாதி வாழைப்பழம் கறுக்கவில்லை.

காரணம் முதல் நாள் காலையில் நடந்தது. அவன் தரையில் மல்லாந்து படுத்து, மகளின் மூன்று சக்கர சைக்கிளுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். துண்டை உதறியபடி, பக்கவாட்டில் திரும்பாமலே, "ஏங்க, நாள் தள்ளிப் போயிருக்குங்க" என்றாள். அந்த வாரம் ஓர் உயரமான கட்டடத்தின் லிஃப்டைப் பார்வையிட அதிகாரி வருவதாக இருந்தது. அந்த லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்று பழகியிருந்தது. ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். "நல்லதாப் போச்சு," என்றான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "நான் எதைச் சொல்றேன், நீங்க எதைச் சொல்றீங்க," என்று சொல்லிச் சிரித்ததில் துண்டு கைநழுவித் தரையில் விழுந்தது. அதை மறுபடி அலசிப் போட வேண்டியிருந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த வீட்டிலும் நாள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த வீட்டில் போட்டுக்கொண்டது. அதிலும் புருஷன் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டது.

விஷயம் புரிந்ததும் மெக்கானிக் சிரிக்கவில்லை. மகள் பிறந்தபோது மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா அவளை மயிரிழையில் மீட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தை வேண்டுமென்றால் நன்றாக யோசித்து முடிவு பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவன் நன்றாக யோசித்து ஒரு முடிவு பண்ணியிருந்தான். அவளும் நன்றாக யோசித்து ஒரு முடிவு பண்ணியிருந்தாள். இரண்டும் ஒரே முடிவு இல்லை.

திங்கட்கிழமை நிலைத்துவிட்ட வீட்டில் குடித்தனம் நடத்துவது பெரிய கஷ்டமாக இல்லை. பொழுது விடிந்தது, சாய்ந்தது. கிழமை மட்டும் மாறவில்லை. வெளியிலிருந்து உள்ளே வந்த பொருள் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே நின்றது. பால் திரியவில்லை. கீரை வாடவில்லை. இதைக் கவனித்த வீட்டுக்காரம்மா தன் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, காய்கறிக் கூடையை மாடிச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தாள். மின்சாரம் மிச்சம், ஏறி இறங்கியதில் மூட்டுவலியும் குறைந்தது என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். மெக்கானிக் காலையில் திங்களிலிருந்து கிளம்பிப் படியிறங்கி, புதனிலோ சனியிலோ கால் வைத்து வேலைக்குப் போனான். தளத்துக்குச் சமமாக நிற்காத லிஃப்டிலிருந்து இறங்குவது போலத்தான். பார்த்துக் கால் வைத்தால் போதும். வெளியே போன நேரத்துக்கு மட்டும் அவனுக்கு வயது கூடியது. அவன் தாடி வேலை நேரத்தில்தான் வளர்ந்தது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள் என்று பெயர். முதலில் அவளும் மகளைக் கூட்டிக்கொண்டு தினமும் கடைக்குப் போய் வந்தாள். வெளியே இருந்த நேரத்துக்கு ஏற்ப வயிறு வளர்ந்தது. தெரிந்தும் தெரியாமலும் மேடிட்ட சமயத்தில் டாக்டரம்மா வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு வீட்டில் படுத்திரு என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. மெக்கானிக் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். உள்ளுக்குள் அவனுக்கு நிம்மதி. வீட்டுக்குள் இருக்கும்வரை வயிறு வளராது. வயிறு வளராவிட்டால் அந்த நாள் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் ஆபத்தில்லை. கதவை நெம்பிக் குதிப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவனும் தினமும் மாலையில் வந்து அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கஷ்டம் மகளால் வந்தது. அவளை எல்லோரும் மிளகு என்று கூப்பிட்டார்கள். அளவும் அதுதான், குணமும் அதுதான். பேச்சு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. தண்ணி வேண்டுமென்றால் "அண்ணி" என்பாள். இவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்து, அவன் கல்யாணமும் பண்ணிக்கொண்டு, எல்லாம் நமக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அம்மா வேலையை விட்டபோது மிளகுக்குக் கடைவாய்ப்பல் ஈறுக்கு அடியில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. மேல் சூடு, எச்சில் ஒழுகல், அழுகை. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், இரண்டு மூன்று நாளில் பல் வெளியே வந்துவிடும், சரியாகிவிடும். இங்கே இரண்டு மூன்று நாள் என்பது இல்லை. பல் வரவுமில்லை, போகவுமில்லை. தினமும் அதே வலி, அதே இடத்தில். மெக்கானிக் அவளை மட்டும் வெளியே கொண்டுபோய் வளர்த்துக்கொண்டு வரலாம் என்று பார்த்தான். அம்மா இல்லாமல் மிளகு படியிறங்க மாட்டாள். மூன்றாவது படியில் அவள் வைத்த கூச்சலில் தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். அதோடு அந்த யோசனையை விட்டான்.

வீட்டுக்காரம்மாவுக்கும் மிளகு வயதில் ஒரு மகன் இருந்தான். இரண்டு பேரும் ஒன்றாகத் தவழ்ந்தவர்கள், ஒரே பொம்மைக்கு அடித்துக்கொண்டவர்கள். அவன் இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, காய்கறிக் கூடையோடு வரும் அம்மாவுக்கு முன்னால் படியேறி வந்தான். மிளகு எச்சில் வழிய அவனைப் பார்த்துக் கை நீட்டினாள். அவன் குனிந்து, பெரியவர்கள் பேசுவது போலக் குரலை இழுத்து, "பாப்பாக்கு வலிக்குதா?" என்று கேட்டான். வீட்டுக்காரம்மா அவனை அதட்டி, முதுகில் ஒன்று வைத்துக் கீழே இழுத்துப் போனாள். மனைவி மிளகை மடியில் போட்டுக்கொண்டு, அவள் வாயில் விரலை விட்டு ஈறைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாலையில் மெக்கானிக் வந்ததும் கீழே போகப்போகிறேன் என்றாள். அவனுக்கு எந்தக் கீழே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வெளியே அதற்குள் எத்தனை மாதம் ஓடியிருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தினமும் போய் வருகிறவனை அது விட்டுவிடும், இறங்காமல் இருந்தவர்களுக்கு அத்தனையும் படியில் காத்துக்கொண்டு நிற்கும் என்றும் தெரியும்.

"இது லிஃப்ட் மாதிரிதான்," என்றான். "நடுவுல நின்னா உள்ளேயே இருக்கணும். குதிச்சாத்தான் ஆபத்து."

"உள்ளேயே இருங்கன்னு சொல்லிட்டு மெக்கானிக் வீட்டுக்குப் போய்டுவாரா?"

அவன் திருகாணி முடுக்கிய சைக்கிள் சக்கரத்தைக் காலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். மிளகு அதைப் பார்த்து ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தினாள், பிறகு தொடர்ந்தாள்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் கடைசியில்.

"அவ பல்லு முளைக்கணுங்க," என்றாள்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத வீட்டைத் திரும்பிப் பார்த்து, கடைக்குப் போகும்போது சொல்கிற பழக்கத்தில் "வரேன்" என்றாள். மிளகு "டாட்டா" என்று கையாட்டினாள். பாதிப் படியில் மிளகின் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் அழுகை சட்டென்று நின்றது. திருப்பத்தில் அவள் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியது. கீழ்ப்படியில் நின்று, "அம்மா, செருப்பு கடிக்குதும்மா" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். அவள் வயிறு படிக்குப் படி இறங்கி, தெருவாசலுக்கு வந்தபோது நிறைமாதமாக இருந்தது. தையற்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டார். வெளியே அன்று வியாழக்கிழமை.

ஆண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா தன்னால் ஆனதைச் செய்தார், போன தடவை செய்ததையும் செய்தார். அன்று மாலையே அவள் இறந்துபோனாள். செய்ய வேண்டியதை அங்கிருந்தே செய்தார்கள். தெரு முழுக்கப் போய் வந்தது.

எல்லாம் முடிந்து மெக்கானிக் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மிளகைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறினான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். செருப்பு கழற்றிப்போட்ட இடத்தில் இருந்தது. வயிறு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அவள் செத்தது வியாழக்கிழமை. அந்த வீட்டுக்கு இன்னும் செவ்வாயே வந்து சேரவில்லை. மெக்கானிக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு பார்த்துக் கால் எடுத்து வைத்து உள்ளே போனான்.

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தலையை ஏந்தி, கழுத்தை முகர்ந்து பார்த்தாள்.

"யாரு வீட்டுப் பாப்பாங்க இது?"

"நம்மளுதுதான்."

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "அதுக்கு இன்னும் நாள் இருக்கே," என்றாள்.

"இருக்கு," என்றான்.

அதன்பின் அவள் அதைக் கேட்கவில்லை. மிளகு இருக்கிறாள், இது உப்பாக இருக்கட்டும் என்று பையனுக்கு அவள்தான் பெயர் வைத்தாள். வீட்டுக்காரம்மா விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்து, வாசலில் நின்று பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அப்படியென்றால் பழைய சின்ன மிளகும் உள்ளே இருந்திருக்க வேண்டுமே என்று தையற்காரரிடம் கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: அம்மா போகும்போது வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், குழந்தை டாட்டாதானே காட்டியது. வீட்டுக்காரம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. கொஞ்ச நாளில் கூடையையும் பழையபடி மேலே கொண்டுவந்து வைத்தாள்.

பகல் முழுவதும் குழந்தைகள் கீழே வீட்டுக்காரம்மாவிடம் வளர்ந்தார்கள், மாலையில் மேலே வந்து அம்மாவிடம் இருந்தார்கள். உப்பு வெளியே தவழ்ந்து, வெளியே நடந்து, நடந்ததை மேலே வந்து காட்டினான். மெக்கானிக்குக் காதோரம் நரைத்தது. நரையைப் பார்த்து, லிஃப்டுக்குப் போடும் கிரீஸை ஏன் தலையில் தடவவில்லை என்று அவள் கேலி செய்தாள். அவளை யாரும் படியிறங்கச் சொல்லவில்லை. டாக்டரம்மா படுத்திருக்கச் சொன்னது அப்படியே இருந்தது. அந்த வீட்டில் ஒரு கிழமையின் பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை. இதை மிளகுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தின் பாட அட்டவணையை அம்மாவிடம் காட்டும்போது, புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு காட்டுவாள்.

சில வருஷம் கழித்து ஒரு மாலை மெக்கானிக் வேலை முடிந்து வந்து முகம் கழுவினான். மிளகு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உப்பு மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி கொடியருகே நின்று துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க," என்றாள், "துண்டு காஞ்சுட்டுது போலிருக்கே."

அவன் வந்து தொட்டான். ஓரங்கள் மொடமொடவென்று இருந்தன; நடுவில் மட்டும் லேசாகக் குளிர்ந்தது. சுவரில் நாள்காட்டித் தாளின் ஒரு முனை மேலே எழும்பியிருந்தது. அவன் துண்டைக் கொடியிலிருந்து உருவி, குளியலறைக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் முக்கினான். பிழியாமல் அப்படியே கொண்டுவந்து மறுபடி கொடியில் போட்டான். தரையெல்லாம் சொட்டியது. உப்பு அதில் சைக்கிளை விட்டான்.

"காஞ்ச துணியை ஏங்க நனைக்கிறீங்க?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். "நான் எதைச் சொல்றேன், நீங்க எதைச் சொல்றீங்க," என்று சிரித்துக்கொண்டே தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். மிளகு எழுந்து போய்ப் பைக்குள்ளிருந்து பசையை எடுத்து வந்து, நாற்காலி மேல் ஏறி, நாள்காட்டித் தாளின் முனையை ஒட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அந்த வீட்டில் திங்களாக விடிந்தது. பால் பாக்கெட் வாசலில் இருந்தது.