தவிட்டுத் தூசி

மற்ற பெண்களை விலக்கிவிட்டு வேணியே அம்மாவின் தலையைத் தேய்த்தாள். சீயக்காயோடு பச்சைத் தூசியும் கரைந்து ஓடியது.

அம்மா மயிலம்மாள் கொள்ளிடக்கரை ஷெட் ஒன்றில் வேலை பார்த்தவள். அங்கே அரிசித் தவிட்டை அவித்து, தட்டுகளில் பரப்பிப் பச்சைப் பூஞ்சை வளர்ப்பார்கள். அது சுரக்கும் நொதி துணி ஆலைகளுக்குப் போகும். காய்ந்த கட்டிகளை உடைத்துப் பொடியாக்குவது மயிலம்மாளின் வேலை. காற்றில் பொடி வீணாகுமென்று முதலாளி ஜன்னல்களைத் திறக்க விடமாட்டார். நேற்று மூச்சு அடைத்து அங்கேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது முதலாளி மாலையோடு வந்தார். அப்பா வீரமலை ஓடிப்போய்க் கைகூப்பினார். கம்பெனி வேன் ஓட்டுவது அவர்தான்.

"டாக்டர்ட்ட கரெக்டா சொல்லிட்டீங்க வீரமலை. இல்லன்னா போஸ்ட்மார்ட்டம் அது இதுன்னு இழுத்திருப்பாங்க."

தணிந்த குரல்தான். வேணிக்குக் கேட்டுவிட்டது.

"என்னப்பா சொன்னீங்க?"

அவர் முதலாளியிடமிருந்து மாலையை வாங்கப் போனார்.

"சொல்லுங்கப்பா!"

"சின்ன வயசுலேந்தே வீசிங் இருந்துச்சுன்னு..."

"அம்மாவுக்கா? போன வருசம்கூட மலைக்கோட்டைப் படியில நிக்காம ஏறுனாங்களே, அவங்களுக்கா?"

"சத்தம் போடாதம்மா. என் வேலையும் போயிரும்."

"போவட்டும்!"

முதலாளி குறுக்கே வந்தார். "பாப்பா, உங்கம்மாவ நாங்க ஒரு குறையும் இல்லாமத்தான் பாத்துக்கிட்டோம்."

"அப்ப நீங்க ஏன் சார் அந்தப் பொடி ரூமுக்குள்ள போகவே மாட்டீங்க?"

அம்மாவோடு கட்டி உடைத்த பொன்னுத்தாய் எழுந்தாள்.

"வாசல்லயே நின்னுதான் பேசுவாரு. கர்சீப்ப மூக்குலேந்து எடுக்க மாட்டாரு."

முதலாளி அப்பாவிடம் திரும்பினார். "பொழுது சாயுது. எடுக்கச் சொல்லுங்க."

"எடுக்கக் கூடாது," என்றாள் வேணி. "நீங்க சொன்னது பொய்யின்னு ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுங்கப்பா. அம்மாவ அறுத்துப் பாக்கட்டும். அதுக்கப்புறம் எரிக்கலாம்."

சித்தப்பா கத்தினார், அத்தைகள் அழுதார்கள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு ஆகாதென்றார் ஒருவர். வேணி அம்மாவின் கால்மாட்டில் நகராமல் நின்றாள்.

அப்பா நெடுநேரம் மயிலம்மாளின் முகத்தையே பார்த்தார். பிறகு வேன் சாவியை முதலாளியின் கையில் வைத்தார்.

"ஸ்டேஷனுக்கு நானும் வரேண்ணே," என்று பொன்னுத்தாய் செருப்பைத் தேடினாள்.

மகளைக் கடக்கும்போது அப்பா ஒரு கணம் நின்றார். வேணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும், மயிலம்மாளை மறுபடி ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். குனிந்து ப்ளக்கைச் சொருகினாள். பெட்டி ஒருமுறை அதிர்ந்து, ஓட ஆரம்பித்தது.