வலப் பக்கத்து மஞ்சள் கோடுகள்

…அப்படியென்றால் கழற்றியிருக்கிறார், சந்தேகமே இல்லை, இல்லாவிட்டால் நட்டுக்குப் பின்பக்கம் அவள் வைத்த ரோஸ் பொட்டு எப்படி இரண்டாகப் பிளக்கும், நகப்பூச்சு என்ன தானாக நகருமா… பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மேலே மஞ்சள் கோடு மட்டும் பாவம் போல நேராக இருந்தது. தாத்தாவின் கோடு. முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகக் குப்பை கொட்டிய மனுஷன், எந்த நட்டை முறுக்கினாலும் நட்டிலிருந்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். கோடு நேராக இருந்தால் இறுக்கம் சரி, உடைந்து விலகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த வித்தையை அவரிடமே திருடி அவருக்கே கண்ணி வைத்தாள் பேத்தி. போன ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், அவர் முறுக்கியது, இவள் முறுக்கியது என்று பார்க்காமல், எல்லா நட்டிலும் கண்ணுக்குப் படாத இடமாக ஒரு துளி நகப்பூச்சு. இப்போது மஞ்சள் முழுசாக இருக்கிறது, ரோஸ் உடைந்திருக்கிறது. கழற்றி, திரும்ப முறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுசாக இழுத்திருக்கிறார். என்ன பொறுமை பாருங்கள்.

சவரம் பண்ணிக்கொள்ளப் போயிருக்கிறார், அரை மணி நேரம் ஆகும், சலூன்காரர் பேச்சுக் கொடுத்தால் முக்கால் மணி. எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னபோது அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, “நீ வராத நாள்ல எல்லாம் உங்க தாத்தா ஷெட்டைத் திறந்து ஏதோ கழட்டிக்கிட்டே இருக்காரும்மா,” என்றார், இவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தாள். யாருக்கு வேலை இல்லை என்று இப்போதல்லவா தெரிகிறது. புதன்கிழமை வண்டிச் சோதனை. தேறினால் அவள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன இந்தக் குண்டன் ரோட்டில் ஓடும், சோபா கம்பெனி வேலையை உதறிவிட்டு ராப்பகலாக அவள் மெத்தை தைத்து வைத்திருக்கும் நாற்காலிகள் ஊர் ஊராகப் போகும். தேறாவிட்டால்? கம்பெனி வாசலில் போய் மறுபடி தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஐந்து மாதம் துருவைச் சுரண்டியிருக்கிறாள், சீட்டுக்குப் புது உறை தைத்திருக்கிறாள், சிரித்த முகமாகத்தானே இருந்தார் இந்தத் தாத்தா, வண்டி உனக்குத்தான் என்றாரே… சின்ன மாமாவுக்கு இந்த வண்டிமேல் ஒரு கண் உண்டு. வியாழக்கிழமை வந்தான், அப்பாவும் பிள்ளையும் சமையலறையில் குசுகுசுவென்று பேசினார்கள், அவள் உள்ளே நுழைவதற்குள் தாத்தாவின் குரல் காதில் விழுந்தது. “புதன்கிழமை முடியட்டும். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதே.” அவளைப் பார்த்ததும் இரண்டு பேரும் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

வேலை ஆரம்பித்த அன்றைக்கே பாகம் பிரித்தவரும் அவர்தான். “வலப் பக்கம் எனக்கு, இடப் பக்கம் உனக்கு. ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது.” வலப் பக்கம் பார்த்தாகிவிட்டது, ஒரு ரோஸ் பொட்டு பாக்கியில்லை, எல்லாம் உடைசல். தன் பக்கத்துக்கே இந்தக் கதி என்றால் என் பக்கத்தை என்ன பாடு படுத்தியிருப்பாரோ என்று முதுகால் தேய்த்துத் தேய்த்து இடப் பக்கம் நகர்ந்தாள், டார்ச்சை அடித்தாள். முதல் நட்டு, பொட்டு முழுசு. அடுத்தது முழுசு. அதற்கடுத்தது… சக்கரம், குழாய், பிடிமானம், ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள், வைத்தது வைத்தபடி இருந்தது, மேலே ஒரு வாரத்துத் தூசிகூடக் கலையவில்லை. அவள் வேலையை அவர் தொடவே இல்லை. தன் வேலையைத்தான் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். இதென்ன கூத்து, கெடுக்க நினைக்கிறவன் பழியை அடுத்தவள் பக்கமல்லவா தள்ளுவான்?

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்ப வலப் பக்கம் வந்தாள். முதல் நட்டு கல் மாதிரி இருந்தது. இரண்டாவதும் கல். எழுபத்தெட்டு வயதுக் கை, என்ன பிடி… முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் நட்டில் ஸ்பேனரை வைத்தாள், சுற்றியது. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் தொட்டாள், விரலுக்கே சுற்றியது. அதன்மேல் நூல் பிடித்த மாதிரி மஞ்சள் கோடு. முறுக்காமல் கோடு மட்டும் இழுத்திருக்கிறார். புதன்கிழமை பிரேக்கை மிதித்திருந்தால்… மற்றதையெல்லாம் கல்லாக இறுக்கிவிட்டு இதை மட்டும் விட்டுவைக்க இவருக்கு என்ன வந்தது? ‘பிரேக் ஆயில் ஊத்தினோமா?’ என்று காலையில் இரண்டு தடவை கேட்டார், இரண்டாவது தடவை இவள் எரிந்து விழுந்தாள். அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு, பென்சிலால் போட்ட சின்னச் சின்ன டிக், இவள் எட்டிப் பார்த்ததும் மடித்துக்கொண்டார், யாரோ வண்டியை வாங்க வருகிறவனின் கணக்கு என்றல்லவா நினைத்தாள். வியாழக்கிழமை மாமா கண்ணைத் துடைத்தானே, தூசி என்றானே, சமையலறையில் ஏது அவ்வளவு தூசி… அட கடவுளே. மனுஷன் அவளைச் சந்தேகப்படவில்லை, தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். முறுக்கினோமா இல்லையா என்று ஞாபகம் வராமல், ஒவ்வொரு நாளும், முதலிலிருந்து.

நட்டை இறுக்கினாள். பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு அவர் டப்பாவிலிருந்தே மஞ்சளைத் தொட்டு இழுத்தாள், கோடு கொஞ்சம் கோணியது. அடுத்தவருக்குத் தெரியாமல் கழற்றிப் பூட்டுகிற வேலை இப்போது அவளுடையது. வாசலில் செருப்புச் சத்தம், பிறகு சவரச் சோப்பு வாசனை.

“அடில என்னம்மா பண்றே?”

“சும்மா. ஆயில் கசியுதான்னு பாக்கறேன் தாத்தா.”

அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, குனிந்து, அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கினார். வெளிச்சம் எங்கும் அலையாமல் நேரே அந்த நட்டில் போய் நின்றது. விரலால் தொட்டார். விரல் நுனியில் மஞ்சள்.

“யார் போட்ட கோடு?”

“உங்க கோடுதான்.”

“நான் போட்டது காஞ்சிருக்குமே.” கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “உன் ரோஸ் கலர் தேவலை. சீக்கிரம் காயுது.”

டார்ச்சை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். ரோஸ் பொட்டு வைத்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது… எப்போதிலிருந்து? தெரிந்தவர் மஞ்சளைத் துடைத்த துணியால் ரோஸையும் ஒரு இழுப்பு இழுத்திருக்கலாமே, தடயமே இருந்திருக்காதே. வாய் திறந்து சொல்ல முடியாததை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தாரா, இல்லை, துடைக்க நினைத்து அதையும் மறந்துபோனாரா? குழாயடியில் தண்ணீர் விழுந்தது, கை கழுவுகிறார், மஞ்சள் அத்தனை சுலபத்தில் போகாது.

“ஏம்மா,” என்று அங்கிருந்தே கேட்டார், “பிரேக் ஆயில் ஊத்தினோமா?”

மறந்துதான் கேட்கிறாரா, இந்தத் தடவை இவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கக் கேட்கிறாரா, அவளுக்குப் பிடிபடவில்லை.

“ஊத்தியாச்சு தாத்தா,” என்றாள், முதல் தடவை கேட்டது போல.