மேல்வீட்டில் நாளை

மூன்றாம் மாடியில் நடப்பது இரண்டாம் மாடியில் இருந்த கமாக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே கேட்டுவந்தது. இது தெரியவர அந்தக் குடியிருப்புக்கு ஏழு வருடம் பிடித்தது. அந்த ஏழு வருடமும் சண்டையிலேயே போயிற்று.

கமாக்கா மெய்ப்புத் திருத்துபவர். பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து தாள்கள் கட்டுக்கட்டாக வரும். சன்னலோர மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை பார்த்து அனுப்புவார். படிக்கட்டுச் சுவரில் குடியிருப்போர் சங்கம் ஒட்டும் அறிவிப்புகளையும் விட்டுவைக்க மாட்டார். கமா விடுபட்ட இடத்தில் ஒரு கமாவைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார். அதனால் வந்த பெயர் அது. தனி ஆள். தெருவின் இரைச்சல் எட்டாத பின்பக்க வீடு என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர், தலைக்கு மேலே ஒரு குடும்பம் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வந்தது ஒரு பஸ் டிரைவரின் குடும்பம்: அவர், அவர் மனைவி, இரண்டு வயதில் இரட்டைப் பெண்கள் இருவர், கூடவே நாலு பேர் உட்காரும் மரப் பெஞ்சு ஒன்று. பெஞ்சைத் தூக்கி நகர்த்தும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. இழுப்பார்கள்.

சத்தம் கேட்ட மறு நிமிடமே கமாக்கா படியேறிப் போய்விடுவார். போனால் அங்கே டிரைவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பார், பெண்கள் இரண்டும் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கும், வீடு கிணற்றடி போல அமைதியாக இருக்கும்.

"இப்ப மிக்ஸி ஓடலயா?"

"மிக்ஸி ரிப்பேருக்குக் குடுத்திருக்குக்கா. நாளைக்குத்தான் வரும்" என்பாள் டிரைவரின் மனைவி.

மறுநாள் மிக்ஸி வரும், ஓடும். அதே நேரத்தில் கீழே கமாக்காவின் காதில் விழுவது அதற்கும் அடுத்த நாளின் சத்தம். ஆகவே அவர் மறுபடியும் படியேறுவார். வேண்டுமென்றே வம்புக்கு வருகிறார் என்று மேலே நினைத்தார்கள். என் கண் முன்னாலேயே பொய் சொல்கிறார்கள் என்று கீழே நினைத்தார். ஒரு வீட்டுக்குள் அடங்காத சண்டை பொது இடத்துக்கெல்லாம் பரவியது. படியோரம் விட்ட செருப்புகள் ஒற்றை ஒற்றையாகக் காணாமல் போயின. மொட்டைமாடியில் துணி உலர்த்தும் கொடியைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துப் பிரித்தார்கள். ஈரத்துணியின் சொட்டு எந்தப் பால்கனிக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்யச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்டது. "நாளைக்குப் போடப்போற சத்தத்துக்கு இன்னிக்கே சண்டைக்கு வந்தா நாங்க என்னதான் பண்றது" என்று அந்தக் கூட்டத்தில் டிரைவரின் மனைவி ஆத்திரத்தில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளர் நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பக்கமிருந்தும் அளந்து பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கமாக்கா எழுதிக் கொடுத்திருந்த புகார்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கினார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செயலாளர் காதில் ஒன்றும் விழவில்லை. கமாக்காவோ மேலே கேட்பதை மணி நிமிடத்தோடு எழுதிக்கொண்டே போனார். மறுநாள் அந்தத் தாளோடு செயலாளர் மேல்வீட்டில் போய் உட்கார்ந்தார். பெஞ்சு இழுபட்டது, தாளில் இருந்தது. பெண்கள் கயிறு தாண்டினார்கள், இருந்தது. பத்தேகாலுக்குப் பாத்திரம் விழும் என்று எழுதியிருந்தது. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளரைத் திரும்பிப் பார்த்ததில், சரியாகப் பத்தேகாலுக்கு டிரைவரின் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டாள். செயலாளர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அடுத்த கூட்டத்தில், இரண்டாம் மாடிப் புகார்களை இனி ஒரு நாள் தள்ளிப் படிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு சண்டை குறைந்தது என்று சொல்ல முடியாது, தோதானது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் டிரைவரின் மனைவி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே, "நாளைக்கு எங்க வீட்ல என்ன" என்று கேட்பாள். "அழுகைச் சத்தம், சின்னது, சாயங்காலம்" என்று கமாக்காவும் சுவரைப் பார்த்துச் சொல்வார். மறுநாள் மாலை எந்தப் பெண் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் மருந்தும் பஞ்சும் எடுத்து வைத்திருக்கும். தடுத்துப் பார்க்கவும் செய்தார்கள். ஒருமுறை கண்ணாடி உடையும் என்றதும் கண்ணாடிச் சாமான்களையெல்லாம் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டியைத் தூக்கி வைக்கும்போது கை நழுவியது. கேட்டது நடக்கும் என்பது அத்துடன் எல்லாருக்கும் உறுதியாயிற்று.

இப்படி இரண்டு வருடம் கழிந்து, ஒரு திங்கட்கிழமை இரவு ஏழரைக்கு மேல்வீட்டில் சாமான்களைத் தாறுமாறாக இழுக்கும் சத்தமும், அவசர நடையும், ஒரு பெண்ணின் விசும்பலும், கடைசியாகப் பூட்டு விழும் ஓசையும் கமாக்காவுக்குக் கேட்டன. நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பின் ஒன்றுமே கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க மேலே ஒரு குண்டூசி விழவில்லை. ஒன்பது வருடமாக ஏங்கிய அமைதி. ஒரே மூச்சில் இருநூறு பக்கம் பார்த்தார். பாட்டுக்கூட முணுமுணுத்தார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மாலையில் பால் வாங்கி வரும்போது படியில் டிரைவரின் மனைவியைப் பார்த்ததும், சந்தோஷத்தில் தானாகவே வாயைத் திறந்தார்.

"ஊருக்கா? எத்தனை நாள்?"

"எந்த ஊருக்கு? நாங்க எங்கயும் போகலயே."

கமாக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் டிரைவரின் மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன கேட்டுச்சு, சொல்லுங்கக்கா" என்றாள். அக்கா என்ற சொல்லை அவள் முகத்தைத் திருப்பாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ஒண்ணுமே கேக்கல" என்றார் கமாக்கா. "காலைலேருந்து இப்ப வரைக்கும். ஒரு குழாய்கூடத் திறக்கல."

டிரைவர் வேலையிலிருந்து வந்தார். கேஸ் அடுப்பைப் பார்த்தார், மின்கம்பிகளைப் பார்த்தார், மேல்கூரை விரிசலைப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நாளைக்கு இந்த வீட்டில் சத்தமே இல்லை என்றால், சத்தம் போட ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். ஆள் இங்கே இல்லாமல் வேறெங்காவது இருந்துவிட்டால்? முதலில் அதைச் சொன்னது அவர்தான். படுக்கைகளைச் சுருட்டினார்கள், புத்தகப் பைகளை எடுத்தார்கள், பெஞ்சை ஓரமாக இழுத்துவிட்டு வழி செய்துகொண்டார்கள். எங்கே போவது என்ற பேச்சே வரவில்லை. கமாக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சின்னவள் விசும்பினாள். டிரைவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டார். அப்போது மணி எட்டாகப் பத்து நிமிடம்.

படுக்கை விரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கமாக்காவுக்கு உறைத்தது. நேற்றிரவு கேட்ட இழுபறியும் விசும்பலும் பூட்டும் இதுதான். இவர்கள் கிளம்பியதால்தான் நாளைக்கு அமைதி. அமைதி கேட்டதால்தான் இவர்கள் கிளம்பினார்கள். வேறு ஆபத்து எதுவும் அதற்குள் இல்லாமலே இருக்கலாம். முப்பது வருடமாகப் பிழையைக் கண்டால் கை தானாகப் போகும் அவருக்கு. சொல்லியிருக்கலாம். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால், என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், டிரைவரின் மனைவி அவருடைய தலையணையைத் தட்டிச் சரிசெய்து, "நீங்க சன்னல் பக்கம் படுங்கக்கா, காத்து வரும்" என்றாள். கமாக்கா சன்னல் பக்கம் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மேல்வீட்டில் யாருக்கும் எதுவும் நேரவில்லை. யாரும் அங்கே இல்லை. அன்று வியாழனின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆகவே வியாழக்கிழமையும் மேலே போகவில்லை. போகாததால் கேட்கவில்லை, கேட்காததால் போகவில்லை என்று நாலு வருடம் ஓடியது. இரண்டு அறையில் ஐந்து பேர். புதுப் பாத்திரங்கள் வாங்கினார்கள். மேஜை சமையலறைக்குப் போயிற்று. கமாக்கா மிக்ஸியின் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழை பார்க்கக் கற்றுக்கொண்டார். இரட்டையர்களின் கட்டுரைகளில் கமா தவறியதே இல்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் டிரைவரின் மனைவி கேட்பாள்:

"ஏதாவது கேட்டுச்சாக்கா?"

"இல்லம்மா."

அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். முதல் வருடம் அது பயத்தில் வந்தது. பிறகு எதில் வந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நாலாவது வருடக் கடைசியில், ஒரு காலை பத்து மணிக்கு, மேல்வீட்டின் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஓசை கமாக்காவுக்குக் கேட்டது. துடைப்பத்தின் சத்தம் வெகுநேரம். தண்ணீர் ஊற்றும் சத்தம். பெஞ்சு. நாலு பேருடைய காலடிகள், ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு இவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அன்று அவர் பார்த்த பக்கங்களில் பதினேழு பிழைகள் தப்பிப் போயின என்று பதிப்பகத்திலிருந்து பிறகு கடிதம் வந்தது. மாலையில் அடுப்படியில் வழக்கமான கேள்வி வந்தபோது அவர் தலையைத் தூக்கவில்லை.

"இல்லம்மா" என்றார்.

மறுநாள் யாரும் மேலே போகவில்லை. ஆனால் மூன்றாம் மாடி எதிர்வீட்டுத் தையல்காரர் அன்று மாலை இனிப்புப் பொட்டலத்தோடு படியேறியவர், கமாக்காவின் வாசலில் நின்ற டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல வேளை, திரும்பி வந்துட்டீங்க. காலைலேருந்து பெருக்கறதும் கழுவறதுமா சத்தம் கேட்டுச்சு. மனசுக்கு நிம்மதியா இருந்தது" என்றார். டிரைவர் பொட்டலத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, செயலாளரையும் கூப்பிட்டுக்கொண்டு மேலே போனார். வெளிப்பூட்டு காணவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசல் ஈரம் காயாமல் இருந்தது. டிரைவர் தட்டினார். உள்ளே பெஞ்சு இழுபடும் சத்தம் பாதியில் நின்றது. காலடிகள் கதவு வரை வந்தன. கதவில் இருந்த பார்க்கும் துளையின் வெளிச்சம் மறைந்தது. யாரோ வெகுநேரம் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர்தான் முதலில் படியிறங்கினார். கீழே வந்ததும் டிரைவர் சாவியை மேஜை மேல் வைத்து, "ஆள் இருக்கு" என்றார். யார் என்று அவர் மனைவி கேட்கவில்லை.

சங்கத்தின் பதிவேட்டில் மூன்றாம் மாடி வீடு, குடியிருப்பு உள்ளது என்று எழுதப்பட்டது. தண்ணீர் மீட்டர் நாலு பேருக்கு ஓடும் அளவுக்கு ஓடுகிறது. மொட்டைமாடிக் கொடியில் சில நாட்கள் விடியும்போதே துணி காய்கிறது. இரட்டையர்கள் போட்டிருக்கும் அதே அளவுப் பாவாடைகள், அவர்களிடம் இல்லாத நிறத்தில். அந்தப் பக்கத்துக் கொடியை யாரும் தொடுவதில்லை. இரட்டையர்கள் படியில் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு, தாண்டிய பிறகு தொடருவார்கள்.

அன்று ஏன் இல்லை என்று சொன்னார் என்பதைக் கமாக்கா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் வரை மாலைக் கேள்வியும் வரவில்லை. பிறகு ஒரு நாள், அடுப்பைப் பற்றவைத்த பின், முதுகைக் காட்டிக்கொண்டே டிரைவரின் மனைவி கேட்டாள்.

"நாளைக்கு மேல கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சும்மா. எல்லாரும் இருக்கீங்க."

அவள் தீயைக் குறைத்தாள். "நாங்க நல்லா இருக்கோமா?"

பெஞ்சு கேட்டிருந்தது, குழாய் கேட்டிருந்தது, நாலு பேரின் நடையும் கேட்டிருந்தது. இந்த ஒரு மாதத்தில் அங்கே யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

"நல்லா இருக்கீங்க" என்றார் கமாக்கா.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, ஐந்து தட்டுகளை எடுத்துத் துடைத்து வைத்தாள்.