ஓர் ஆள் குறைவு

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் தறிச் சத்தம். அறைக்கு வந்தால் ஒரு சத்தமும் கிடையாது. கட்டியவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தெருவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பேச்சி என்று பெயரை வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் கிடக்கிறேன்.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பில் பிறந்தவள் நான். வெளியாளைக் கட்டிக்கொண்டேன் என்று ஊர்க்கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் மாரிராஜிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். அங்கே அவன்தான் தலைவர். "பார்ப்போம்" என்பான்.

இந்தப் பங்குனியில் நடந்த கிராம சபைக்கு நானாகத்தான் போனேன். காரணம் எங்கள் ஆற்றுக் கசம். கோடையில் ஆறு வற்றினால் மீனும் ஆமையும் அந்த ஆழத்தில்தான் ஒதுங்கும். அதை நம்பித்தான் நீர்நாய் குட்டி போடும். குட்டி இருக்கும்போது எங்கள் ஆட்கள் அங்கே காலைக்கூட நனைக்க மாட்டார்கள். அந்தக் கசத்தில் மோட்டார் வைக்க ஒரு பங்களாக்காரர் கேட்கிறார். பதிலுக்கு வீட்டுக்கு வீடு குழாய், நாலு பேருக்கு வாட்ச்மேன் வேலை. வேண்டாம் என்று சொல்ல வயிறு விடுமா? முக்கால்வாசிப் பேர் சரி என்றுதான் இருந்தார்கள்.

ஆனால் ஊரில் பாதிப் பேராவது உட்கார்ந்தால்தான் சபை செல்லும். நிறையப் பேர் பிழைப்புக்காகக் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்கள். நான் எட்டத்தில் மாமரத்தடியில் நின்றேன். வந்திருந்த அதிகாரி தலைகளை எண்ணிவிட்டு, "ஓர் ஆள் குறையுதே" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஏட்டி பேச்சி, அங்கன என்ன நிக்கே? வந்து உக்காரு. ஒம் பேரை இன்னைக்கே சேத்துருதோம்."

எத்தனை வருஷமாகக் காத்துக் கிடந்த வார்த்தை! மதினி பாயில் நகர்ந்து எனக்கு இடம்கூட விட்டாள்.

"நான் வேண்டாம்னுதான் கை தூக்குவேன்."

"தூக்கிக்கோ. ஒரு கைதான?" அண்ணன் சிரித்தான். நல்ல மனசோடுதான் சிரித்தான், பாவி.

கணக்கு எனக்கும் தெரியும். நான் உட்கார்ந்தால் சபை செல்லும், மோட்டார் வரும். உட்காராவிட்டால் இன்றைக்கு ஒன்றும் நடக்காது. அடுத்த சபை மழைக்குப் பிறகுதான். குட்டிகள் இந்தக் கோடையைத் தாண்டிவிடும்.

"சார், நான் இந்த ஊர்க்காரி இல்ல" என்றேன். "சங்கரன்கோவில்."

கூட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். மதினி பாயைச் சுருட்டினாள். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உறவு மிச்சம் இருக்கிறது என்றாவது தேறியிருப்பேன்.

வெளியாட்கள் வந்தால், யானைக்குப் பயந்து, எங்கள் ஆள் ஒருவர் ரோடு வரை துணைக்குப் போவது வழக்கம். ஊர்க்காரர்களுக்கு அது கிடையாது. நான் கிளம்பியதும் அண்ணனே கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். கசத்தைக் கடக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பாறை வழுக்கும். பாத்து வாங்க."

அந்தப் பாறையில் அவன் கையைப் பிடித்துத்தான் நான் நடை பழகினேன்.

"சரிங்க" என்றேன்.