எத்தனை சுவர் தாண்டும்?

எழுபத்திரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குக் கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குத்தான் துப்பாக்கி கைக்கு வரும். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் அதுதான் சட்டம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு துப்பாக்கிக் கடைக்காரர் ஹெர்ஷல் அதைச் சொன்னபோது ரஸலுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்குள் எவனோ வந்து போகிறான். அவனை மட்டும் எந்தச் சட்டமும் காத்திருக்கச் சொல்வதில்லை.

ஹெர்ஷல் பச்சை விரிப்பின் மேல் மூன்று துப்பாக்கிகளை வைத்தார். பெரியது, நடுத்தரம், சிறியது. ரஸலும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"டேய் ரஸ், ஒரே துப்பாக்கி ராத்திரி கட்டில் பக்கத்துலயும் இருக்கணும், பகல்ல சட்டைக்குள்ளயும் இருக்கணும்ங்கிற. ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கும் போவேன், சோயா வயல்லயும் இறங்குவேன்னா எப்படி?"

"ரெண்டு செருப்பு வாங்க வக்கில்லடா."

ரஸலின் கை தானாகச் சிறியதை நோக்கிப் போனது. ஐந்து குண்டு போடும் ரிவால்வர். அவருடைய அப்பா வைத்திருந்ததும் அதே ஜாதி. கையில் எடுத்தபோது பழைய வீட்டின் எண்ணெய் வாசனை வந்தது போலிருந்தது.

"பாக்க பூனைக்குட்டி. சுட்டா கழுதை உதை" என்றார் ஹெர்ஷல். "வர்றவனெல்லாம் பொண்டாட்டிக்குன்னு இதைத்தான் கேப்பான். சின்னக் கைக்குச் சின்னது. ஒரே ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு அந்தம்மா அலமாரியில வெச்சுப் பூட்டிடும். உருப்படி லேசா இருந்தா உதையெல்லாம் கைக்குத்தான்."

பெரியது கையில் பாறை மாதிரி அசையாமல் நின்றது. ஆனால் ரஸல் பிழைப்பு நடத்துவது வெந்நீர்த் தொட்டிகளையும் வீட்டைச் சூடேற்றும் உலைகளையும் பழுது பார்த்து. பாதி நாள் யார் வீட்டுத் தொட்டிக்கடியிலாவது குனிந்து கிடக்க வேண்டும். ஹெர்ஷல் ஓர் இடுப்பு உறையை எடுத்துக் கொடுத்து, பெரியதை அதில் செருகிக் குனியச் சொன்னார். வசந்தத்தில் முழங்காலில் அறுவை நடந்ததிலிருந்து ரஸலுக்கு மண்டியிட வராது. இடுப்பை மட்டும் மடித்துக் குனிந்தார். சட்டை மேலேறியது.

"ஊருக்கே தெரியுது. நீ எங்க வீட்டு ஹீட்டரைப் பாக்க வந்து முதுகுல இது தெரிஞ்சா, என் மாமியார் போலீஸைக் கூப்பிட்டுடுவா."

"உன் மாமியார் என் மூஞ்சியைப் பாத்தாலே கூப்பிடுவா."

அவர் மனைவி லூஆன் சிரிக்கவில்லை. வழக்கமாக ரஸலுக்கு முன்னால் சிரித்துவிடுகிறவள். பள்ளிச் சமையலறையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கூடவே வந்திருந்தாள். வேண்டாம் என்று தடுப்பாள் என்று ரஸல் நினைத்திருந்தார். அவள் தடுக்கவில்லை. நானும் வருகிறேன் என்றாள். அதுவே அவருக்கு நெருடலாக இருந்தது.

கடைசியில் நடுத்தரம்தான் முடிவாயிற்று. ஒன்பது எம்.எம். குனிந்தால் துருத்தவில்லை, பிடித்தால் நழுவவில்லை. ஹெர்ஷல் குண்டுப் பெட்டிகளைப் பக்கம் நகர்த்தியபோது லூஆன் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இது எத்தனை சுவர் தாண்டும்?"

"நல்ல கேள்வி. உள் சுவரெல்லாம் வெறும் அட்டைப் பலகைதானே? மூக்குல குழி விழுந்த இந்தக் குண்டு உடம்புல பட்டா விரிஞ்சு நின்னுடும். குறி தப்பிச்சுச் சுவத்துல பட்டா ரெண்டு மூணு சுவர் போயிடும். ரொட்டியில விரலை விடற மாதிரி."

"தரை?"

"தரையா?"

"சமையலறையில நின்னு, கை தவறித் தரையில பட்டா. கீழ போகுமா?"

"மரத்தரைதானே? போகும். ஏன், கீழ என்ன இருக்கு?"

"பேஸ்மென்ட்" என்றாள் லூஆன். "சும்மா கேட்டேன்."

ஹெர்ஷல் இரண்டு வினாடி அவளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கென்று துப்பாக்கி வாங்கும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "வீட்ல எத்தனை பேர்? யார் எங்க படுப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் சுடக்கூடாதுன்னு சொல்ல முடியும்."

"ரெண்டே பேர்" என்றார் ரஸல். "ரெண்டு பேரும் ஒரே கட்டில்."

லூஆன் பெட்டிக்குள் கிடந்த கைவிளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றை வாங்கினாள்.

*

சந்தேகம் தண்ணீரில் தொடங்கியது. நவம்பரில் முதல் பனி விழுந்து கரைந்த வாரம், மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்து குளிக்கப் போனால் வெந்நீர் பாதியிலேயே ஆறிப்போயிற்று. நாற்பது கேலன் தொட்டி அது. பகல் முழுவதும் வீட்டில் ஆளில்லை. தொட்டி பழுதா என்றால் இல்லை. அதை மாட்டியவர் அவரேதான். மகள் கேஸி கைக்குழந்தையாக இருந்தபோது, பிஞ்சுத் தோல் வெந்துவிடக் கூடாதென்று வெப்பத்தின் திருகை நூற்றிருபது டிகிரி பாரன்ஹீட்டில் நிறுத்தினார். பிறகு தொட்டியே ஒருமுறை மாறிவிட்டது. புதியதிலும் திருகு அதே நூற்றிருபதில்தான் நின்றது.

அடுத்து, நிலவறைக்கு வெளியிலிருந்து இறங்கும் சாய்வுக் கதவருகே சேறு. பூட்டு உடைபடவில்லை. உடைத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு நிலவறை லூஆனின் ராஜ்யமாகிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம் அங்கேதான். போன வாரம் ரஸல் கைத்தடியோடு படியிறங்க முனைந்தபோது, "இரு, படியில துணி கிடக்கு" என்று லூஆன் முந்திக்கொண்டு ஓடினாள். இவர் ஒவ்வொரு படியாக இறங்கி முடிப்பதற்குள் அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், துணிக்கூடையை மார்போடு அணைத்தபடி. யாருமில்லை. பழைய சோபாவின் மேல் மடித்து வைத்த ரஜாய் இருந்தது. அது மாடியறை அலமாரியில் இருக்க வேண்டியது.

"எப்பவாச்சும் கொஞ்ச நேரம் படுப்பேன். நீ விடற குறட்டைக்கு" என்றாள்.

இருபத்தெட்டு வருடம் அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் தூங்கியவள். ரஸல் மேலேறினார். தேவாலயத்தில் லூஆனோடு சேர்ந்து பாடும் டென்னிஸ், கோடையில் நிலவறையின் நீரிறைக்கும் மோட்டாரை மாற்றிக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. அப்போது அவனை நல்லவன் என்று நினைத்தார். இப்போது அந்த வாங்காத கூலி அவருக்குள் முள்ளாகக் குத்தியது. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?

ஆனாலும் லூஆனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் அவளோடு வாழ வேண்டும். துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று சொல்வது அதைவிட எளிதாக இருந்தது.

வீட்டில் முன்பே ஒன்று இருந்திருக்க வேண்டும். அப்பாவின் ரிவால்வரை இரண்டு வருடத்துக்கு முன் கேஸி எடுத்துப் போய் விற்றுவிட்டாள். அதற்கு முன்பு போனது அவருடைய முதுகுவலி மாத்திரைகள், போதைக்கு. ஒரே மகள். முன்வாசலில் அவளுடைய பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு ரஸல் சொன்னார்: "இனி இந்த வீட்டுக்குள்ள நீ வந்தா திருடியாத்தான் வருவ. திருட வந்தவளுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைக்கும்." அதன்பின் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. லூஆன் எடுத்தால் ரஸல் எழுந்து போய்விடுவார்.

*

சனிக்கிழமை லூஆன் கடைக்குப் போய்ப் பல்புகளோடு வந்தாள். நடைவழியில் மங்கலாக எரிந்துகொண்டிருந்ததைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வெளிச்சத்தில் ஒன்றைப் பொருத்தினாள். படுக்கையறைக்கு நேர் எதிரே நிலவறைப் படியின் கதவு. அதன் பக்கத்தில், ஆள் அசைந்தால் தானே எரியும் சின்ன விளக்கு ஒன்றைச் செருகினாள். கடையில் வாங்கிய கைவிளக்கை ரஸலின் தலையணைப் பக்கம் வைத்தாள்.

"எதுக்கு இவ்வளவு?"

"யாருன்னு பாத்துட்டுத்தான் எதுவும் செய்யணும். உன் துப்பாக்கி வகுப்புலகூட அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க?"

"அந்தக் கதவைத் திறந்துட்டு வர்றவன் யாரா இருந்தா என்ன? நான் பேரெல்லாம் கேட்டுட்டு இருக்க மாட்டேன்."

"கேட்டுத்தான் ஆகணும் ரஸ்."

குரலில் ஏதோ இருந்தது. கெஞ்சலா, மிரட்டலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, பழைய பல்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். ரஸல் அதற்குள், "டென்னிஸ் எப்படி இருக்கான்?" என்றார்.

"டென்னிஸா? எந்த டென்னிஸ்?" என்றாள். பிறகு, "அவனுக்கென்ன, நல்லாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் பல்பைக் குப்பையில் போடப் போனாள். சொல்ல வந்தது அந்தப் பல்போடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்ததைச் சாப்பிட்டார்கள். லூஆன் பெரிய பாத்திரமாக வைத்திருந்தாள். மிச்சத்தை மூடி ஒரு பக்கம் எடுத்து வைத்தாள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடியது. ரஸல் தட்டைக் கழுவ எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. தரைக்கடியில் மெல்ல 'புஃப்' என்று ஒன்று. வேறு யாருக்கும் அது சத்தமே அல்ல. முப்பது வருடம் அதைக் கேட்டே சம்பாதித்தவருக்குத் தெரியும்: கீழே வெந்நீர்த் தொட்டியின் அடுப்பு பற்றிக்கொண்டது.

குனிந்து அலமாரிக் கதவைத் திறந்து வெந்நீர்க் குழாயில் உள்ளங்கையை வைத்தார். சமையலறைக் குழாய் மூடியிருந்தது. லூஆன் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழாய் மெல்ல மெல்லச் சூடேறியது. கீழே யாரோ தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள். நிலவறையின் மூலையில் கேஸிக்காக அவர் கட்டிய சின்னக் குளியலறை இருக்கிறது. இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

கூடத்தில் தொலைக்காட்சியின் ஓசை திடீரென்று கூடியது.

ரஸல் திரும்பிப் பார்த்தார். லூஆன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் எந்த அணி என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டு படி. ஒரு நல்ல கால், ஒரு கெட்ட கால், கையில் ஒன்றுமில்லை. கீழே இருப்பவன் சின்ன வயதுக்காரனாக இருந்தால்? இப்போது கத்தினால் சாய்வுக் கதவு வழியாக ஓடிவிடுவான். ஓடவிடக் கூடாது. இருக்கட்டும். நன்றாகக் குளிக்கட்டும். நாளைக்குக் காலை பத்து இருபது. அப்புறம் கதவைத் திறந்து மேல்படியில் நின்று கூப்பிட்டால் போதும்.

அந்த நினைப்பு வந்ததும் மனது விசித்திரமாக அமைதியானது. கையைத் துடைத்துக்கொண்டு போய் லூஆனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார் ஜெயிக்கறாங்க?" என்றார்.

"நம்ம ஆளுங்கதான்" என்றாள், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்களுடைய அணி அன்று விளையாடவே இல்லை.

*

திங்கட்கிழமை ரஸல் தனியாகப் போய்க்கொள்வதாகச் சொன்னார். லூஆன் அதற்குள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அறுத்த சோளவயல்களில் தட்டைகளுக்கிடையே பனி வரிவரியாகக் கிடந்தது. அவள் எதற்கு வருகிறாள்? தடுக்கவா? கீழே இருப்பவனுக்கு எச்சரிக்கை சொல்லியாகிவிட்டதா? திரும்பிப் போகும்போது நிலவறை காலியாக இருக்குமா?

கடையில் வேறு யாருமில்லை. ஹெர்ஷல் உள்ளேயிருந்து கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து காட்டினார். நுரைப் பஞ்சின் பள்ளத்தில் அது கனமாகப் படுத்திருந்தது. ரஸல் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"உன் மாமியாரை விசாரிச்சதா சொல்லு" என்றார்.

"சொல்றேன். அதுக்கும் போலீஸைக் கூப்பிடுவா." ஹெர்ஷல் மூடியைச் சாத்தினார். கையெழுத்துக்குப் பேனாவை நகர்த்தியவர், லூஆனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைப் பாதியில் நிறுத்தினார். "குண்டு எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி கேட்டுக்கறேன். பழக்கதோஷம். வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு. வெள்ளிக்கிழமையே சொன்னேனே."

லூஆன் கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையைப் பெட்டியின் மூடி மேல் வைத்தாள். பள்ளிப் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கை.

"மூணு" என்றாள்.

ஹெர்ஷல் பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"யாரு?" என்றார் ரஸல். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். இவன் முன்னாடியே சொல்லு. டென்னிஸ்தானே?"

லூஆன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, வெட்கமுமில்லை. இத்தனை நாளும் இவர் எதைச் சுமந்துகொண்டு நடந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வீட்ல வெச்சு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ. இங்க போக மாட்ட" என்றாள். "முதல் பனி விழுந்த அன்னிக்கு வந்தா. அந்தச் சாய்வுக் கதவுகிட்ட நின்னுட்டிருந்தா, கால்ல வெறும் துணிச் செருப்பு. நான்தான் சாவி கொடுத்தேன். மாத்திரையை விட்டு அஞ்சு மாசம் ஆச்சுங்கறா. நிஜமா பொய்யா, எனக்குத் தெரியாது ரஸ். ஆனா உன் கட்டிலுக்கு நேர் கீழதான் தூங்கறா. கேஸி."

ரஸல் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினார். கண்ணாடி சில்லென்றிருந்தது. அதன் மேல் விரிந்து கிடந்தது, நேற்றுக் குழாயின் சூட்டைத் தொட்டுப் பார்த்த உள்ளங்கை.